கிழவர், புதுமாப்பிள்ளை, கொஞ்சம் ஹவா

நவம்பர் 4, திங்கள்

ஆழ்ந்த வருத்தத்துடன் உலக மக்களுக்கு அறிவிப்பது என்னவென்றால், ஷார்ஜாவில் எங்கள் நான்காவது மாடி வீட்டின் குளியலறையில் நெடுங்காலம் பணியாற்றி வந்த நீல வாளியின் கைப்பிடி இன்று அதிகாலை மௌத்தானது. வாளி நலமாக உள்ளது. கைப்பிடியைக் கடைசியாக உயிரோடு பார்த்தவன் லுக்மான் ஆகிய நான். ஆனால் கொலைக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. அதில் ஒரு காலை மாட்டி ஊஞ்சல் ஆடினேன் என்று என் ராத்தா, அதாவது அக்கா, ஹவா சொல்வது வதந்தி.

புது வாளி வாங்கலாம் என்றேன். "ஊருக்குப் போயி வாங்கிக்கலாம்" என்றாள் உம்மா.

குளிப்பதற்குக் கீழக்கரை வரைக்கும் போகவேண்டுமா என்று கேட்டேன். உம்மா சிரிக்கவில்லை. நல்ல நகைச்சுவை வீணானது.

நவம்பர் 5, செவ்வாய்

வாப்பாவுக்கு மூன்றாவது வாரமாக லீவு. இப்படி வாரிவழங்கும் கம்பெனியில்தான் படிப்பு முடிந்ததும் நானும் சேரப்போகிறேன் என்று சாப்பிடும்போது அறிவித்தேன். ராத்தா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

கட்டிலுக்கு அடியில் காலி அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. எதற்கு என்றால், "சும்மா" என்கிறாள் உம்மா. சும்மா கிடக்கும் பெட்டி சும்மா இருக்கலாமா? என் ரப்பர் கரப்பான்பூச்சியை ஒன்றில் குடிவைத்தேன்.

மாலையில் உம்மா அந்தப் பெட்டியைத் திறந்தாள். அலறவில்லை. பூச்சியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு கட்டிலில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். போன வருடம் இதே பூச்சிக்கு இரண்டு மாடி கேட்கக் கத்தியவள். பூச்சிக்கு வயதாகிவிட்டது போலிருக்கிறது. திரும்ப வாங்கி ஒளித்துவைத்துவிட்டேன்.

நவம்பர் 7, வியாழன்

லீவு வாப்பாவுக்கு இல்லையாம். கம்பெனிக்காம். ஸ்டோரையே மூடிவிட்டார்களாம்.

இதை வாப்பா இடியாப்பத்தைப் பிய்த்துக்கொண்டே சொன்னார். அடுத்த மாதத்துக்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் நாங்கள் நால்வரும் ஊருக்கு. எனக்கு ஒன்றுமில்லை. கீழக்கரையில் கடல் இருக்கிறது, பழைய கூட்டாளிகள் இருக்கிறார்கள். பத்தாவதைப் பாதியில் விட்டுப் போனால் பாதிப் பத்து ஐந்து. ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்துகொள்வேன். ஒன்றுமில்லை.

இன்னொன்றும் சொன்னார். தைத் பக்கம் பாலைவனத்தில் அபூ ராஷித் என்ற அரபியின் கூடார முகாம் இருக்கிறது. சுற்றுலாக்காரர்கள் வந்து தங்கி, நட்சத்திரம் பார்த்துவிட்டுப் போவார்கள். கம்பெனி ஸ்டோரிலிருந்து கூடாரத் துணியும் ஜெனரேட்டரும் கொண்டுபோய் இறக்கிய வகையில் வாப்பாவுக்கு அவரோடு நெடுநாள் பழக்கம். இப்போது அவருக்கு ஒரு வண்டியும் ஒரு டிரைவரும் வேண்டும். வண்டி நகரத்திலிருந்து விருந்தாளிகளை நல்ல ரோட்டிலும் கொண்டுவர வேண்டும். ரோடு முடியும் இடத்திலிருந்து மணலிலும் போகவேண்டும். அவர் பார்த்து வைத்திருப்பவை இரண்டு. வாப்பா இரண்டையும் ஓட்டிப்பார்த்து எது என்று சொல்லவேண்டும். சொல்லும் லட்சணத்தைப் பார்த்துத்தான் வேலை.

இரண்டும் சாயங்காலம் வந்துசேர்ந்தன. நான் உடனே பெயர் சூட்டினேன்.

வெள்ளை வண்டி, கிழவர். பழையது. டப்பா உருவம், உயர்ந்த கால்கள், தடித்த ரப்பர் டயர். உள்ளே இரண்டு கியர்க் கம்புகள். ஒன்று எல்லா வண்டியிலும் இருப்பது. பக்கத்தில் இருக்கும் குட்டிக் கம்பைத் தள்ளினால் நாலு சக்கரமும் ஒரே பிடிவாதமாக மெதுவாக இழுக்கும்.

வெள்ளி நிற வண்டி, புதுமாப்பிள்ளை. இதில் கம்பே கிடையாது, ஒரு திருகு. அதில் மணல், பாறை, பனி என்று படங்கள். ஷார்ஜாவில் பனிப் படத்தை எதற்குத் திருகுவது என்று கேட்டேன். "வசதிடா மருமவனே" என்றார் நூஹு மாமா.

நூஹு மாமா உம்மாவின் தம்பி. பழைய கார் விற்கும் யார்டில் வேலை. புதுமாப்பிள்ளை அவர் யார்டு வண்டி. அதனால் அவர் பெண் வீட்டாரிடம் பேசுவதுபோலத்தான் பேசுகிறார்: பையனுக்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது, சத்தம் போடமாட்டான், குடியும் கொஞ்சம்தான். குடி என்றால் பெட்ரோல்.

நவம்பர் 8, வெள்ளி

ஜும்ஆ முடிந்து அபூ ராஷித் வந்து வாப்பாவைப் பார்த்தார். "ஸீனி, ஸீனி" என்றுதான் கூப்பிடுகிறார். வாப்பாவின் பெயர் சீனி இபுறாகிம். ராமநாதபுரம் ஜில்லாவில் தடுக்கி விழுந்தால் ஒரு சீனி. (சீனிக்குச் சீனி வியாதி என்பது வேறு சோகம்.) அவர் அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் கூட வந்த ஆள் சிரிக்கிறான். வாப்பாவும் சிரிக்கிறார். ஏன் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். எழுதத்தான் நேரமில்லை.

பள்ளிக்கூடத்தில் ஒன்றரை வருடமாக அரபி படிக்கிறேன், வாப்பாவுக்குத் தேவைப்பட்டால் மொழிபெயர்க்கிறேன் என்று அவரிடம் அரபியிலேயே சொன்னேன். அவர் என் தலையைத் தடவினார். என்ன புரிந்துகொண்டார் என்று தெரியவில்லை. ஒரு பேரீச்சம்பழம் கொடுத்தார்.

நவம்பர் 9, சனி

ரோட்டுப் பரீட்சை. கொர்ஃபக்கான் வரை போய்த் திரும்பினோம். போகும்போது கிழவர், வரும்போது புதுமாப்பிள்ளை. இன்னொரு வண்டியை மாமா பின்னால் ஓட்டிவந்தார். பரீட்சை முறை என் கண்டுபிடிப்பு: டம்ளர் நிறையச் சுலைமானி ஊற்றிப் பின்சீட்டில் நான் பிடித்துக்கொள்வது. சிந்தாத வண்டி சிறந்த வண்டி.

கிழவரில் முதல் வளைவிலேயே பாதி டீ என் பேண்ட்டில். மீதிப் பாதி ராத்தா மேல். அவள் அதை விபத்து என்று ஏற்றுக்கொள்ளவில்லை. நேர் ரோட்டிலும் கிழவர் நேராகப் போவதில்லை. வேகம் கூடக் கூடத் தலையை ஆட்டுகிறார். வாப்பா ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சமாதானம் செய்துகொண்டே வந்தார். காற்றுச் சத்தத்தில் உம்மா பேசியது எதுவும் கேட்கவில்லை. அதை வாப்பா குறையாகச் சொல்லவில்லை.

புதுமாப்பிள்ளையில் டீ அசையவே இல்லை. மலை வளைவுகளில் தரையோடு ஒட்டிக்கொண்டு போகிறது. உள்ளே அவ்வளவு நிசப்தம், உம்மா பாதி வழியில் தூங்கிவிட்டாள். பெட்ரோலும் குறைவு. "பாத்தியளா மச்சான்" என்றார் மாமா. வாப்பா தலையை ஆட்டினார், கிழவர் மாதிரியே.

வழியில் பங்க்கில் டயருக்குக் காற்றுப் பிடிக்கும் பொறுப்பு எனக்கு. ஊரில் என் பொறுப்பு எதிர்மாறு. ராத்தாவின் சைக்கிளிலிருந்து எங்கள் ஹெட்மாஸ்டர் ஸ்கூட்டர் வரை காற்றைப் பிடுங்கி விட்டவன் நான். வால்வுக்குள் ஒரு குச்சி, உஸ்ஸ்ஸ், முடிந்தது. ராத்தா இதற்காக மூன்று நாள் பள்ளிக்கு நடந்தே போயிருக்கிறாள், அந்த வாரமெல்லாம் என்னிடம் பேசவில்லை. அதெல்லாம் பொற்காலம்.

நவம்பர் 11, திங்கள்

வாப்பா இஷா தொழுதுவிட்டு வந்ததும் போனில் வீடியோ பார்க்கிறார், சத்தத்தை அணைத்துவிட்டு. எட்டிப்பார்த்தேன். மணலில் வண்டி ஓட்டுவது எப்படி.

தெரிந்ததை ஏன் பார்க்கவேண்டும் என்று கேட்டேன். ஞாபகத்துக்கு என்றார்.

நவம்பர் 12, செவ்வாய்

அரபிப் பரீட்சைத் தாள் வந்தது. மதிப்பெண்ணை இங்கே எழுதினால் மை வீண்.

நவம்பர் 14, வியாழன்

நாளை மணல் பரீட்சை. அபூ ராஷித்தே வந்து பார்ப்பாராம். உம்மா கறி ஆணம் வைக்கிறாள். வாளியில் ஐஸ் போட்டுத் தண்ணீர் பாட்டில்களை எடுத்துப்போகலாம் என்கிறாள். கைப்பிடி இல்லாத வாளியைக் குழந்தை மாதிரி இடுப்பில் தூக்கவேண்டும்.

"காத்தைப் பாத்து வைடா" என்று சாவியைக் கொடுத்தார் வாப்பா. பார்த்து வைத்தேன். கிழவரின் நாலு டயரிலும் தட்டினால் தவுல் மாதிரிச் சத்தம் வரும்வரை பார்த்து வைத்தேன். என் வேலை எப்போதும் சுத்தம்.

நவம்பர் 15, வெள்ளி

சரித்திர நாள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். குளித்தும் காதுக்குள் மணல் போகவில்லை.

ரோடு முடிகிற இடத்தில் முதலில் புதுமாப்பிள்ளை இறங்கியது. மாமா ஓட்டினார். டயர் மெல்லியது, காற்றைக் குறைத்தால் சக்கரத்தின் விளிம்பு நசுங்கும் என்று அப்படியே போனார். மணல் படத்தைத் திருகினார். முதல் மேட்டில் அழகாகத்தான் ஏறியது. பாதியில் சக்கரம் சுற்றத் தொடங்கியதும் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் பயந்து என்ஜினின் மூச்சைப் பிடித்துவிட்டது. மாமா மிதிக்கிறார், வண்டி யோசிக்கிறது. யோசித்துக்கொண்டே வயிற்றை மணலில் வைத்துப் படுத்துவிட்டது. அப்புறம் ஏதோ சூடாகிவிட்டதாகச் சிவப்பு விளக்கு. அபூ ராஷித்தின் ஆள் கயிறு கட்டி இழுத்து ரோட்டுக்குக் கொண்டுபோனான். மாமா பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார், மணமேடையில் தாலி அறுந்த மாதிரி.

அடுத்து கிழவர். வாப்பா ஸ்டியரிங்கில், பக்கத்தில் நான், பின்னால் உம்மாவும் ராத்தாவும் நடுவில் வாளியும். விருந்தாளி கனம் இருக்கவேண்டும் என்று அபூ ராஷித்தான் எல்லோரையும் ஏறச் சொன்னார். அவர் தன் வண்டியில் முன்னே போய் எதிர் மேட்டு உச்சியில் நின்றுகொண்டார்.

வாப்பா குட்டிக் கம்பைத் தள்ளி, பிஸ்மி சொல்லிக் கிளம்பினார். ஒரு மேடு ஏறினோம். இன்னொன்று. நான் கையைத் தூக்கிக் கூவினேன். இறக்கத்தில் ஒரு பள்ளம், கிண்ணம் மாதிரி. உள்ளே போன கிழவர் எதிர்ச் சரிவில் ஏறப் பார்த்தார். கல்லு மாதிரி டயர் கத்தியாக மணலை அறுத்துக்கொண்டு கீழேதான் போயிற்று. வாப்பா இன்னும் மிதித்தார். இன்னும் கீழே. சுற்றிலும் மணல் சுவர், மேலே வானம். உச்சியில் நின்ற அபூ ராஷித் எங்கள் கண்ணிலிருந்தே மறைந்துபோனார்.

வாப்பாவின் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. இரண்டு கையும் ஸ்டியரிங்கில். அப்போது போன் அடித்தது. வாப்பா கையை எடுக்கும் நிலையில் இல்லை. நான் எடுத்தேன். மொழிபெயர்ப்பாளன் வேலைக்கு வந்தான்.

என்ஜின் இரைச்சலில் அபூ ராஷித் கத்தினார். எனக்கு மூன்று வார்த்தைகள் தெளிவாகக் கேட்டன: "தாயர். ஹவா. நஸ்ஸில்."

நஸ்ஸில் என்றால் இறக்கு. ஓதும்போது கேட்ட வார்த்தை, இதில் சந்தேகமே இல்லை. ஹவா யார் என்று சொல்லவே வேண்டாம். தாயர்? வாப்பாவோடு இத்தனை வருடம் பழகியதில் இரண்டு தமிழ் வார்த்தை கற்றிருப்பார். தாயார்.

"வாப்பா, உம்மாவையும் ஹவாவையும் இறக்கச் சொல்றாரு" என்றேன்.

கனம் குறையட்டும் என்கிறார் போல என்று வாப்பா நினைத்துக்கொண்டார். திரும்பிக்கூடப் பார்க்காமல், "இறங்குங்க" என்றார். உம்மா வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினாள். ராத்தா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கினாள். வாப்பா மிதித்தார். கிழவர் இன்னும் ஒரு சாண் புதைந்தார்.

போனில் மறுபடி கத்தல். "ஹவா! பஅத் ஹவா, பஅத்!" பஅத் என்றால் இன்னும். இதுவும் பாடத்தில் வந்தது.

கண்ணாடியை இறக்கி, "ராத்தா, இன்னும் தூரமாப் போவச் சொல்றாரு" என்றேன்.

"எங்கடா போவ? மதினாவுக்கா?"

"மேட்டுக்குப் போ."

செருப்பு மணலில் மாட்டி, ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, ராத்தா சரிவில் ஏறினாள். உம்மா பின்னாலேயே வாளியோடு. நான் பார்த்துக்கொண்டிருந்தேன், இருவரும் உச்சிக்குப் போனதும் ராத்தா நின்றாள். அங்கிருந்து அபூ ராஷித் தெரிந்திருக்கிறார். அவர் தன் வண்டி டயரைக் காலால் உதைத்துக்காட்டி, கட்டைவிரலை அழுத்திக்காட்டி, வாயால் உஸ்ஸ்ஸ் என்று ஊதிக்காட்டிக்கொண்டிருந்தாராம்.

ராத்தா திரும்பி ஓடிவந்தாள். தலையில் போட்டிருந்த மக்கனாவில் குத்தியிருந்த ஊசியை உருவி, முன் டயர் பக்கத்தில் மண்டியிட்டு, வால்வுக்குள் அழுத்தினாள்.

உஸ்ஸ்ஸ்ஸ்.

நான் மூன்று வருடம் அவள் சைக்கிளில் செய்த வேலை. அதே கோணம், அதே லாவகம். கற்றுக்கொண்டே இருந்திருக்கிறாள், பாவி. நாலு டயரும் தொப்பை விழுந்து மணலில் அகலமாய் உட்காரும்வரை விடவில்லை. உம்மா வாளியிலிருந்த பாட்டில்களை வெளியே கொட்டிவிட்டு, அதே வாளியால் சக்கரத்துக்கு முன்னால் மணலை அள்ளி எறிந்தாள். கைப்பிடி இல்லாததும் ஒரு வசதி. மண்வாரி மாதிரிப் பிடிக்க முடிந்தது.

வாப்பா வெளியே எட்டிப் பார்த்தார். டயரைப் பார்த்தார். ஊசியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஹவா..." என்று மெதுவாகச் சொன்னார்.

இந்தத் தடவை மெதுவாக மிதித்தார். கிழவர் ஒரு முனகல் முனகிவிட்டு, கிண்ணத்திலிருந்து எழுந்து, தொப்பை டயரில் மணலை அமுக்கிக்கொண்டு நேரே உச்சிக்குப் போய் நின்றார். ஹவா இறங்கி ஹவாவை, அதாவது காற்றை, இறக்கினாள், கிழவர் ஏறினார்.

உச்சியில் அபூ ராஷித் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். எல்லாம் என் குறும்பு என்று அவருக்குச் சைகையில் தெரிவித்தேன். ராத்தாவைக் கொஞ்சம் வெயிலில் நிறுத்தலாம் என்று வேண்டுமென்றேதான் அப்படி மொழிபெயர்த்தேன். உம்மா என் காதைத் திருகினாள். அது புகழின் விலை.

ஆனால் வாப்பா சிரிக்கவில்லை. வண்டியை விட்டு இறங்கி அவரிடம் போய் நின்று, இந்தியும் அரபியும் கலந்து ஏதோ நெடுநேரம் பேசினார். அபூ ராஷித்தின் சிரிப்பு நின்றது. தாடியைத் தடவினார். சொல்லி அனுப்புகிறேன் என்று மட்டும் சொன்னாராம்.

திரும்பும் வழியில் என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். காற்று நிரப்பிக்கொண்டு ரோட்டில் ஆடி ஆடி வந்தோம். வாப்பா சொன்னார்:

"எனக்கு மணல்ல ஓட்டத் தெரியாதுன்னு சொன்னேன். முன்னாடி தெரியும்னு சொல்லியிருந்தேன்ல. சாமான் எறக்கப் போறப்பல்லாம் நான் ரோட்டோட நின்னுடுவேன், உள்ள அவங்க ஆளுதான் எடுத்துட்டுப் போவாங்க."

உம்மா பின்னாலிருந்து, "அத ஏங்க இப்ப போய்ச் சொன்னீங்க" என்றாள். கோபமாக இல்லை.

"ஆளுங்கள ஏத்திட்டுப் போற வண்டி. நாளைக்கு எவனாவது மணல்ல கெடப்பான்."

எந்த வண்டி என்று சொன்னீர்கள் என்று மாமா கேட்டார். அவரும் இதே வண்டியில்தான் வந்தார். புதுமாப்பிள்ளையை லாரியில் ஏற்றிவிட்டாயிற்று.

"கிழவர்னு சொன்னேன். கோவிச்சுக்காத நூஹு. ரோட்ல ஆடினா ஆளுங்க திட்டுவாங்க, ஆனா வந்து சேந்துடுவாங்க. மணல்ல நின்னா திட்டறதுக்குத் தொண்டைல தண்ணி இருக்காது. ரோட்டுக்கு மட்டும்னா உன் வண்டிதான், அதையும் சொன்னேன்."

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்சநேரம் கழித்து, "கறி ஆணம் மிச்சம் இருக்கா ராத்தா" என்று உம்மாவிடம் கேட்டார். சமாதானம் ஆகிவிட்டது என்று அர்த்தம்.

நவம்பர் 16, சனி

ஊரிலிருக்கும் கூட்டாளிகள் எல்லோருக்கும் நேற்றைய குறும்பைக் குரல் செய்தியாக அனுப்பினேன். நூற்றாண்டின் சிறந்த மொழிபெயர்ப்பு என்று பாராட்டு குவிகிறது. ராத்தா குளியலறைக்குள் என்னை வைத்து வெளியே தாழ் போட்டாள். அங்கிருந்தே மூன்று பாராட்டுகளைக் கேட்டேன்.

நவம்பர் 17, ஞாயிறு

செய்தி இல்லை.

நவம்பர் 18, திங்கள்

செய்தி இல்லை. உம்மா பெட்டிகளில் பாத்திரம் அடுக்கத் தொடங்கிவிட்டாள். "எதுக்கும் இருக்கட்டும்" என்கிறாள். என் ரப்பர் கரப்பானை நானே கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்தேன். ஒளித்து அல்ல. மூட்டை கட்டி.

நவம்பர் 20, புதன்

இன்று இஷாவுக்கு வாப்பா பள்ளிவாசலுக்குப் போனபிறகு, சார்ஜரில் செருகிக் கிடந்த அவருடைய போன் டிங் என்றது. அபூ ராஷித். முழுக்க அரபி எழுத்து.

"வாசிடா" என்று உம்மா போனை என் கையில் திணித்தாள். ராத்தா பக்கத்தில் வந்து நின்றாள்.

வாசித்தேன். நீட்டவேண்டிய இடத்தில் நீட்டி, நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தி, குர்ஆன் கிராஅத் போட்டியில் ஓதுவதுபோல வாசித்தேன். மேலும் கீழும் போடும் குறிகள் எதுவும் இல்லாத எழுத்து, அதனால் பாதி உச்சரிப்பு என் சொந்தத் தயாரிப்பு. முடித்ததும் உம்மா கண்ணை மூடி, "ஆமீன்" என்றாள்.

பிறகு கண்ணைத் திறந்து, "என்ன எழுதியிருக்காரு?" என்றாள்.

நல்லாத்தான் எழுதியிருக்கிறார் என்றேன். நல்லான்னா என்ன என்றாள் ராத்தா. எழுத்து அழகாக இருக்கிறது என்றேன்.

உம்மா என்னையே பார்த்தாள். அன்றைக்குக் கரப்பானைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்த அதே பார்வை. இந்தப் பார்வையை வைத்துக்கொண்டு விளையாட முடியாது.

"வாசிக்கத் தெரியும் உம்மா. அர்த்தம் தெரியாது" என்றேன்.

ராத்தா போனைப் பிடுங்கினாள். மொழிபெயர்க்கும் செயலியில் போட்டாள். தமிழில் வந்தது இதுதான்:

"பழையதை எடுத்தேன். புதியதைத் திருப்பி அனுப்பினேன். சீனாக்காரர் ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரட்டும். மணலை நாங்கள் கற்றுத் தருவோம். காற்றுக்கும் அதன் ஊசிக்கும் என் சலாம்."

இரண்டு முறை வாசித்தாள். "எவனோ சைனாக்காரனை வேலைக்கு எடுத்துட்டாரும்மா" என்றாள்.

உம்மா திரும்பி நடந்தாள். போய்ப் பெட்டியின் மூடியை மடித்து, டேப்பை இழுத்து ஒட்டினாள். அந்த டேப் கிழியும் சத்தம் இருக்கிறதே. வாப்பா வந்தால் நான் சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் வாயைத் திறக்காதீர்கள் என்றாள்.

எனக்குக் கூட வந்த அந்த ஆளின் சிரிப்பு ஞாபகம் வந்தது. ஸீனி, ஸீனி. ஏன் சிரித்தான் என்று தெரியும் என எட்டாம் தேதியில் எழுதியிருக்கிறேன். தெரியாது.

செருப்புப் போடாமல் கீழே ஓடினேன். சலூனில் சிரியாக்கார முடிதிருத்துபவர் ஒருவர் இருக்கிறார். போன மாதம் அவர் கத்தரிக்கோலை ஒளித்துவைத்தவன் நான்தான், அதனால் வாசலிலேயே முறைத்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவரிடம் போய், "ஸீனி, அர்த்தம் என்ன?" என்று கேட்டேன். கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன்.

அவர் முடிவெட்டும் மெஷினைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் எழுதியிருந்ததைக் காட்டினார். மேட் இன் சைனா. "ஸீனி" என்றார். பேச்சில் சீனிக்கும் ஸீனிக்கும் மயிரிழை வித்தியாசமாம். மயிரைப் பற்றி அவருக்குத் தெரியாதா.

முதல் படியில் கால் வைத்தபோது வாப்பா தொப்பியோடு வாசலில் நுழைந்தார். மூச்சு வாங்கிக்கொண்டு, "வாப்பா, நீங்கதான் சைனாக்காரன்" என்றேன்.

"அது தெரியுமே" என்றார். "முகாம்ல எல்லாரும் அப்படித்தான்டா கூப்பிடுவாங்க. ஏன், என்ன இப்ப?"

என்ன இப்ப என்பதைச் சொன்னேன். வாப்பா படியில் உட்கார்ந்துவிட்டார். தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். லிப்ட் வேலை செய்தது. ஆனாலும் நாங்கள் படியிலேயே நான்கு மாடி ஏறினோம். மேலே போனதும் அவரே அந்த டேப்பைப் பிரித்தார்.

நவம்பர் 21, வியாழன்

பெருமகிழ்ச்சியுடன் அறிவிப்பது: குளியலறைக்குப் புதிய வாளி இன்று பொறுப்பேற்றுக்கொண்டது. சிவப்பு. உறுதியான கைப்பிடி. உம்மா தானே கடைக்குப் போய்த் தட்டித் தட்டிப் பார்த்து வாங்கினாள். பழைய நீல வாளி வாப்பாவோடு பாலைவனம் போகிறது. கிழவரின் பின்சீட்டில் அதற்கு நிரந்தர இடம். நூஹு மாமா புதுமாப்பிள்ளையைத் துபாயில் ஒரு டாக்டர் வீட்டுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார். ரோட்டை விட்டு இறங்காத குடும்பமாம், நல்ல சம்பந்தம்.

கடைசியாக, இந்த நாட்குறிப்பில் ஒரு திருத்தம் போடவேண்டியிருக்கிறது. யாரும் சத்தமாக வாசிக்கவேண்டாம்.

பதினைந்தாம் தேதி நடந்தது குறும்பில்லை. உம்மாவையும் ராத்தாவையும் இறக்கச் சொல்கிறார் என்று நான் முழு மனதோடு நம்பித்தான் சொன்னேன். தாயர் என்றால் டயர், ஹவா என்றால் காற்று என்பது இந்த ஊரில் காற்றுப் பிடிக்கும் எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தெரியாது. இன்னும் தூரமாப் போ என்றதும் நிஜமாகத்தான் சொன்னேன். அந்த டயர்கள் கல்லு மாதிரி இருந்ததற்கும் காரணம் நான்தான். பாத்து வை என்றால் குறைத்து வை என்று அர்த்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. வாப்பாவுக்கு அன்றைக்கே எல்லாம் புரிந்திருக்கிறது. இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கைப்பிடியில் ஊஞ்சல் ஆடியதும் வதந்தி இல்லை.

கூட்டாளிகளுக்குத் திருத்தம் அனுப்பலாமா என்று யோசித்தேன். நெட் மெதுவாக இருக்கிறது.

ராத்தா இன்னும் அதை வேண்டுமென்றே செய்த குறும்பு என்றே நினைத்துக்கொண்டு, என்னைக் கண்ட இடத்தில் தலையில் குட்டுகிறாள். அவள் படிப்பது பி.காம். ஆனாலும் எனக்கு அரபி தெரியாது என்ற கணக்கையும் வெள்ளிக்கிழமைக் கணக்கையும் கூட்டிப் பார்க்க இன்னும் ஓரிரு நாள் ஆகலாம். பார்த்துவிட்டால் குட்டமாட்டாள், சிரிப்பாள். சாகும்வரை சிரிப்பாள். என் கல்யாணத்தில் மைக் பிடித்துச் சொல்லிச் சிரிப்பாள்.

அதுவரை குட்டு வாங்கிக்கொள்கிறேன். குட்டு பரவாயில்லை.